தீர்ந்துபோன நேரம்

டோக்கியோவில் டொயோசு என்றால் பயணிகளுக்கு மீன்சந்தைதான் நினைவுக்கு வரும். 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து மொத்த விற்பனைச் சந்தை இங்கே இடம் மாறியது. சூரை மீன் ஏலத்தைப் பார்க்க விடியற்காலையிலேயே வெளிநாட்டவர்கள் வந்து நிற்கிறார்கள். நான் போனது மீனுக்காக அல்ல. கடலைத் தூர்த்து உண்டாக்கிய இந்த நிலத்தில் ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளம் இருந்தது. அதன் தொழிலாளர்கள் நடமாடிய தெருவில் ஓர் இளைஞர் தன் குடும்பத்து மதுக்கடையை மாற்றியமைத்து, 1974 மே 15 அன்று ஜப்பானின் முதல் செவன்-இலெவன் கடையைத் திறந்தார். அன்று முதலில் விற்ற பொருள் 800 யென் விலையுள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி. அந்தக் கடையைப் பார்க்கத்தான் போனேன்.

மதுரையில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் இருப்புக் கணக்குப் பார்த்தவன் நான். ஒரு கடையில் சரக்கு 'இருக்கிறது' என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி அந்த வேலையில் இருப்பவர்களை விடாது. பேரேட்டில் மஞ்சள்தூள் ஆறு பாக்கெட் இருக்கும். ரேக்கில் ஒன்றும் இருக்காது. வந்தவர் கேட்டுப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது அந்த ஆறும் அப்படியே இருக்கும், கணக்கு சரியாகவே இருக்கும். வந்து திரும்பிப் போனவருக்கு மட்டும் அதில் ஒரு வரி கிடையாது.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அனந்த் ராமன், நிக்கோல் டிஹோரேஷியஸ் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில், ஏறத்தாழ 3 லட்சத்து 70 ஆயிரம் இருப்புப் பதிவுகளை நேரில் எண்ணிச் சரிபார்த்த கணக்கோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் பொருந்தவில்லை. கணினி வைத்து, பார்கோடு அச்சிட்ட பாக்கெட்டுகளை விற்று, ஆண்டுதோறும் ஸ்டாக் எடுக்கும் நிறுவனத்திலேயே இந்த நிலை. கணக்கில் இருந்து கடையில் இல்லாத சரக்கு, சரக்கே இல்லாததைவிடக் கெடுதலானது. சரக்கு இல்லை என்று தெரிந்தால் ஆர்டர் போடலாம். ஆறு பாக்கெட் இருப்பதாகச் சொல்லும் கணினி ஆர்டரே போடாது. ரேக் வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கும்.

டொயோசுக் கடையின் தோற்றத்தில் இப்போது பழைமை எதுவும் இல்லை. கப்பல்தளம் இருந்த இடத்தில் பெரிய வணிக வளாகம் எழுந்துவிட்டது; சுற்றிலும் அலுவலகங்கள், அடுக்குமாடிகள். நண்பகலில் அலுவலகக் கூட்டம் இறங்கி வந்தது. என்னை அழைத்துப் போயிருந்தவன் என் தங்கை மகன். இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி-கசாயில் குடியிருக்கிறான். சில்லறைக் கடைகளின் சரக்கு ஓட்டத்துக்கான மென்பொருள் எழுதுகிறான்.

"மாமா, கூட்டத்தைப் பாக்காதீங்க. அந்த ஒனிகிரி ரேக்க மட்டும் பாத்துக்கிட்டே இருங்க" என்றான்.

ஒனிகிரி என்பது கடல்பாசித் தாள் சுற்றிய முக்கோணச் சோற்று உருண்டை. உள்ளே சால்மன் மீனோ, உப்பில் ஊறிய பிளம் காயோ, மயோனைஸ் கலந்த சூரை மீனோ இருக்கும். வகைக்கு ஒரு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் சால்மன் வரிசை மெலிந்தது. இன்னும் சற்று நேரத்தில் காலி. ஒரு பெண் வந்து அந்த இடத்தில் கை நீட்டி, நிறுத்தி, பக்கத்திலிருந்த பிளம் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் பார்த்துவிட்டு எதுவும் எடுக்காமல் போனார். இரண்டு பேர் விஷயமும் கடையின் விற்பனைப் பட்டியலில் வராது. முதலாமவர் கணக்கில் பிளம் ஒனிகிரியை விரும்பியவராகப் பதிவாவார். இரண்டாமவர் வந்ததற்கே பதிவு இல்லை.

"இப்ப இந்தக் கடைக்கு இன்னைக்கு சால்மன் இருந்துச்சா இல்லையா? நீங்க சொல்லுங்க" என்றான்.

காலையில் இருந்தது. மதியம் லாரி வந்தால் மறுபடி இருக்கும். இரவு எண்ணினாலும் இருக்கும். நாளுக்கு ஒரு முறை ரேக்கைச் சுற்றிவந்து காலி இடங்களை எண்ணுவது பரவலாகப் பழக்கத்தில் இருக்கும் ஒரு முறை. அந்த முறையில், எண்ணுகிறவர் காலை பத்து மணிக்கு வந்தால் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண். ஆனால் சால்மன் இல்லாமல் போனது ஊரே பசியோடு வந்த அரைமணி நேரத்தில்.

இருப்பை அளப்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லாரிக்கும் லாரிக்கும் இடைப்பட்ட சுற்றுகளில் எத்தனை சுற்று காலியாகாமல் தப்பியது என்று பார்ப்பது. மற்றொன்று, கேட்டு வந்த நூறு பேரில் எத்தனை பேர் வாங்கிப் போனார்கள் என்று பார்ப்பது. அடுத்த லாரி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் தீர்ந்தாலும், உச்சக் கூட்டத்தின் நடுவில் தீர்ந்தாலும் முதல் வழிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது வழிக்கு இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் அனுபவத்தில் நான் நம்புவது இரண்டாவதை. ஆனால் அதை எண்ணுவது சிரமம். வாங்கியவருக்குத்தான் பில் இருக்கிறது, திரும்பிப் போனவருக்கு ஏது பில்?

இங்கேதான் இந்தக் கடைகள் ஒரு வழி கண்டுபிடித்தன. 1982-இல் செவன்-இலெவன் ஜப்பான் தன் கடைகளில் பில் கருவிகளைக் கணினியோடு இணைத்தது. அமெரிக்காவில் அத்தகைய கருவியைப் பெரும்பாலும் காசாளர் தவறு செய்யாமலும் பணம் குறையாமலும் இருக்கப் பயன்படுத்தினார்கள். நிறுவனத்தை வளர்த்த தொஷிஃபூமி சுசூகி அதைப் பொருள்வாரியாகப் பார்க்கும் கண்ணாக மாற்றினார். ஒவ்வொரு பொருளும் எந்த மணிக்கு எத்தனை விற்றது, கடைசி ஒன்று எப்போது போனது என்பதெல்லாம் அதில் தெரியும். சால்மன் 12.30-க்குத் தீர்ந்தது என்று தெரிந்துவிட்டால், தீராத நாள்களில் 12.30 முதல் 2 மணிவரை எத்தனை விற்றது என்று பார்த்து, இன்று எத்தனை பேர் வெறுங்கையோடு போயிருப்பார்கள் என்று மதிப்பிட முடியும். கடைக்காரர்கள் பார்க்க வேண்டிய எண் எத்தனை விற்றது என்பதல்ல, எப்போது தீர்ந்தது என்பது.

அந்த நேரத்தைக் கவனிக்காத கடை தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறது. இருபது வாங்கினார்கள், இருபதும் மதியத்துக்குள் விற்றது. நாளைக்கும் இருபது என்று ஆர்டர் போகிறது. ஒரு நாள் மழை பெய்து பதினைந்துதான் விற்றால் அடுத்த நாள் பதினைந்து வாங்குகிறார்கள், பதினைந்தும் விற்கிறது, இனி பதினைந்துதான் தேவை என்று கணினி கற்றுக்கொள்கிறது. கிடைக்காததால் விற்காததை, வேண்டாததால் விற்காததாக எழுதிவைப்பது இருப்புக் கணக்கின் மிகப் பழைய நோய். நம் ஊர்க் கடைகளில் "அது இங்க ஓடாது சார்" என்று சொல்லப்படும் பொருள்களில் எத்தனை இப்படிச் செத்தவையோ என்று அந்த ரேக்கின் முன் நின்று நினைத்தேன்.

ஆர்டர் போடுவது தலைமை அலுவலகம் அல்ல. கடையில் வேலை செய்பவர்கள், பகுதிநேரமாக வரும் மாணவர்கள்கூட, ஆளுக்குச் சில பொருள் வகைகளைப் பொறுப்பேற்கிறார்கள். நாளைய வானிலை, பக்கத்துப் பள்ளியின் விளையாட்டு விழா எல்லாவற்றையும் பார்த்து, 'இவ்வளவு போகும்' என்று ஓர் அனுமானம் வைத்து ஆர்டர் போட வேண்டும். மறுநாள் அது சரியா என்று எண்ணைப் பார்க்க வேண்டும். சுசூகி அடிக்கடி சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. கடலோரச் சாலையில் ஒரு கடை. நாளை விடுமுறை, நல்ல வெயில். தூண்டில்காரர்கள் அதிகாலையில் வருவார்கள். மதியம்வரை வெயிலில் கெடாத சோறு எது? பிளம் காய் வைத்தது. ஆகவே அதைக் கூட்டி வாங்கு. விற்பனைப் பட்டியலை மட்டும் பார்க்கும் கணினிக்கு இது தோன்றாது. தூண்டில்காரர் எதற்காக வருகிறார் என்று யோசிக்கிற மனிதருக்குத்தான் தோன்றும்.

இந்த நுணுக்கம் வேலை செய்ய வேண்டுமானால் லாரி அடிக்கடி வர வேண்டும். தொடக்க நாள்களில் டொயோசுக் கடைக்கு ஒரு நாளில் 70 வண்டிகள் வந்தன. பால் கம்பெனி ஒரு வண்டி, ரொட்டிக்காரர் ஒரு வண்டி, ஒவ்வொருவரும் தனித்தனி. மொத்த வியாபாரிகள் பெட்டிக் கணக்கில்தான் சரக்குக் கொடுப்போம் என்றார்கள். விளைவு, பின்கட்டில் விற்காத பெட்டிகள் குவிந்து கிடக்க, முன்கட்டில் ரேக்குகள் ஓட்டை விழுந்து கிடந்தன. சரக்கு மிகுதியும் சரக்கு இல்லாமையும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அந்தச் சின்ன இடம் காட்டிக்கொடுத்தது. பிறகு கடைகளை நெருக்க நெருக்கமாக அமைத்து, போட்டி நிறுவனங்களின் பொருள்களையும் ஒரே வண்டியில் ஏற்றி, சிறு அளவில் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இன்று ஒரு கடைக்கு வரும் வண்டிகள் ஒன்பது, பத்துதான். வண்டிகளைப் பிரித்திருப்பது கம்பெனியால் அல்ல, வெப்பநிலையால். ஐஸ்கிரீமுக்கு உறைகுளிர், பாலுக்கும் சாலட்டுக்கும் 5 டிகிரி, சோற்றுக்கு 20 டிகிரி. சோறு அதற்குமேல் குளிர்ந்தால் விறைத்துப்போகும் என்பது நம் வீட்டுப் பழைய சோற்றை அறிந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாலையில் நிஷி-கசாய்க்குத் திரும்பும் வழியில் என் மருமகன் தன் வேலையைப் பற்றிச் சொன்னான்.

"எங்க டேஷ்போர்டுல 95 சதவீதம் காட்டினா பச்சை லைட் எரியும் மாமா. எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிருவோம்."

"ஒரு வீட்டுக்கு ஒரு சாமான் மட்டுமாடா வாங்குறாங்க?"

அவன் யோசித்தான். பத்து சாமான் எழுதிய சீட்டோடு ஒருவர் வருகிறார். ஒவ்வொன்றும் கிடைக்க 95 சதவீத வாய்ப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று கொள்வோம். பத்தும் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் போட்டுப் பார்த்தான். 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பத்துப் பேரில் நான்கு பேர் ஏதாவது ஒன்று இல்லாமல் திரும்புகிறார்கள். 98 சதவீதம் என்றால்கூட நூற்றில் 82 பேருக்குத்தான் முழுச் சீட்டும் நிறைகிறது. பொருள் பொருளாக அளக்கும்போது பச்சையாகத் தெரிவது, வீடு வீடாக அளந்தால் அப்படி இல்லை. கடையைப் பொருள்களின் வரிசையாகப் பார்ப்பது நிர்வாகம். வருகிறவர் அதைத் தன் வீட்டுச் சமையலாகப் பார்க்கிறார்.

2002-இல் கிரூன், கார்ஸ்டன், பரத்வாஜ் மூவரும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, ரேக்கில் இல்லாத பொருள்களின் சராசரி 8.3 சதவீதம் என்று வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது காரணங்களின் பட்டியல். ஏறத்தாழ 72 சதவீதம் கடைக்கு உள்ளேயே நடப்பது: ஆர்டரைத் தவறாகப் போட்டது, அல்லது பின்கட்டில் இருந்ததை முன்னால் கொண்டுவந்து வைக்காதது. லாரி வரவில்லை, கம்பெனி அனுப்பவில்லை என்று நாம் சொல்லும் சமாதானங்கள் மீதியில் அடங்கிவிடுகின்றன.

அன்று இரவு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு கடையில் 20 டிகிரி வண்டி வரும் நேரத்தில் போய் நின்றோம். பணியில் இருந்தவர் நேபாள மாணவர். வெளிநாட்டு மாணவர்கள் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்ய இங்கே அனுமதி உண்டு; டோக்கியோவின் இரவுக்கடைகள் பல அவர்கள் கையில்தான் ஓடுகின்றன. பென்டோ என்னும் புதிய சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்குவதற்கு முன் அவர் ரேக்கிலிருந்து சிலவற்றை எடுத்து ஒரு கூடையில் போட்டார். நேரம் கடந்தவை. அவற்றை யாராவது எடுத்து வந்து நீட்டினாலும் பில் கருவி ஏற்காது. இன்னும் ருசி கெடாத சோறு, பொரித்த கோழி, அழகாக வெட்டிய முட்டை. கூடை நிறைந்தது. என் மனம் அந்த ரேக்கின் நிறைவை இனி அதே கண்ணால் பார்க்க மறுத்தது.

நிறைந்த ரேக்குக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை ஒரு சின்னக் கணக்கால் சொல்லிவிடலாம். விளக்குவதற்காக எடுத்த எண்கள் இவை. ஓர் ஒனிகிரி கொள்முதல் 70 யென், விற்பனை 100. லாபத்தில் 60 சதவீதம் தலைமை நிறுவனத்துக்கு, 40 கடைக்காரருக்கு. பத்து வாங்கி எட்டு விற்று இரண்டு வீணாகிறது. நம் மளிகைக் கணக்கில் வரவு 800, செலவு 700, லாபம் 100. கொன்பினி எனப்படும் இத்தகைய ஜப்பானியக் கடைகளின் கணக்கில் வீணானது கொள்முதலில் சேராது. விற்ற எட்டுக்கு மட்டும் 560 செலவு. லாபம் 240 என்று ஆகிறது. அதில் 144 தலைமைக்குப் போகிறது. மீதி 96. வீணான இரண்டின் விலை 140-ஐக் கடைக்காரர் அதிலிருந்து கட்ட வேண்டும். கடையைத் திறந்து வைத்தவருக்கு 44 யென் நஷ்டம்.

இந்தக் கணக்கு முறை பற்றிய வழக்கு ஜப்பானின் உச்ச நீதிமன்றம்வரை போனது. அது தவிர, நேரம் முடியப்போகும் பொருள்களை விலை குறைத்து விற்கவிடாமல் கடைக்காரர்களைத் தடுத்ததற்காக, 2009 ஜூனில் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் செவன்-இலெவன் ஜப்பானுக்குத் தடை உத்தரவு பிறப்பித்தது. அதன் பிறகு வீணாகும் சரக்கின் விலையில் 15 சதவீதத்தைத் தலைமை ஏற்றுக்கொண்டது. நம் உதாரணத்தில் அதைச் சேர்த்தாலும் 23 யென் நஷ்டம்தான்.

இதை இருப்பு அளவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இன்னும் ஓர் ஒனிகிரி கூடுதலாக வாங்கலாமா? விற்றால் கடைக்காரருக்கு 12 யென் லாபம். விற்காவிட்டால், தலைமை ஏற்கும் 15 சதவீதம் போக, கிட்டத்தட்ட 60 யென் நஷ்டம். அது விற்க 83 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் அவர் வாங்குவது நியாயம். தலைமைக்கோ, விற்றால் 18 யென் லாபம், விற்காவிட்டால் பத்தரை யென் நஷ்டம். 37 சதவீத வாய்ப்பு இருந்தாலே, வாங்கு என்று சொல்லும். இரண்டையும் ஒரே பையாகப் பார்த்தால் சரியான எல்லை 70 சதவீதம். நாளிதழ் விற்பவர் காலையில் எத்தனை பிரதி எடுப்பது என்ற கணக்காகப் பாடப்புத்தகங்களில் இது நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் அங்கே ஒரே விற்பனையாளர், ஒரே பை. இங்கே ஒரே ரேக்கை இரண்டு பைகளின் கண்கள் பார்க்கின்றன. "நூற்றுக்கு நூறு இருப்பு வேண்டும்" என்று ஒருவர் சொல்லும்போது, அது யாருடைய பையிலிருந்து என்று கேட்காமல் அந்த எண்ணை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவே முடியாது. இந்தப் பயணத்தில் நான் உறுதியாகப் பற்றிக்கொண்ட கருத்து இதுதான்.

2020-இல் நியாய வணிக ஆணையம் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஒரு கொன்பினியில் ஆண்டுக்கு வீணாகும் சரக்கின் இடைநிலை மதிப்பு சுமார் 46 லட்சத்து 80 ஆயிரம் யென். 2019 அக்டோபரில் உணவு வீணாவதைக் குறைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது பல ரேக்குகளில் ஓர் அட்டை தொங்குகிறது: உடனே சாப்பிடுவதாக இருந்தால் முன்னால் இருப்பதை எடுங்கள் என்று. பின்வரிசையில் கைவிட்டுப் புதியதை எடுக்கும் பழக்கம் நம் ஊர்ப் பால்கடையிலும் உண்டு. அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று இங்கே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். நேரம் நெருங்கிய பொருளுக்கு விலைக்குறைப்புச் சீட்டு ஒட்டுவதும் மெல்லப் பரவிவருகிறது. அந்த இரவில் நான் வாங்கிய பென்டோவில் அத்தகைய சீட்டு இருந்தது. சால்மன் நன்றாகவே இருந்தது.

அரிசிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஆகஸ்டில் டோக்கியோவின் சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி ரேக்குகள் காலியாயின. குடும்பத்துக்கு ஒரு பை என்று பல கடைகள் அறிவிப்பு ஒட்டின. நான் போன 2025 கோடையின் தொடக்கத்தில் அரிசி இருந்தது, ஆனால் 5 கிலோ பை 4000 யென்னைத் தாண்டி விற்றது. அரசு தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த மலிவு அரிசிக்கு வயதானவர்கள் வரிசையில் நின்றார்கள். 'அரிசி நாட்டில் இருக்கிறது, சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் டன் இடையில் எங்கோ தேங்கி நிற்கிறது' என்பது அந்த ஆண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் சொன்ன விளக்கம். நான் ஊர் திரும்பிய பிறகு, ஆகஸ்டில், தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டது. பேரேட்டில் ஆறு மஞ்சள்தூள் பாக்கெட் இருந்த அதே கதை, ஒரு தேசத்தின் அளவில். ரேக் காலியாக இருக்கும்போது கணக்குப் புத்தகத்தை நம்பாதே, ரேக்கை நம்பு என்று எங்கள் பண்டகசாலையில் மூத்தவர் ஒருவர் சொல்வார்.

டோக்கியோவில் ரேக் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு என்ன அளவு? ஜப்பானின் வேளாண் அமைச்சக ஆய்வு நிறுவனம், கடையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் வசிக்கும், கார் ஓட்ட வழியில்லாத 65 வயதைக் கடந்தவர்களைக் கணக்கெடுத்தது. 2020-இல் 90 லட்சத்துக்கும் மேல். அந்த வயதினரில் நான்கில் ஒருவர். அந்த ஊர்க் கடையின் இருப்பு 99 சதவீதம் என்று அறிக்கை சொன்னாலும் அவர்களுக்கு அது பூஜ்யம்தான்.

அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போகும் கடையைப் பார்க்கத்தான் ஷிகோகு தீவின் டோக்குஷிமாவுக்குப் போனோம். ஒசாகாவிலிருந்து பேருந்து, அவாஜித் தீவு முழுக்கக் கடந்து, கடல்சுழிகளுக்குப் பெயர்போன நருட்டோ நீரிணையின் பாலத்தில் ஏறி இறங்கும் வழி. சுழிகளைப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை. ஊருக்கு வெளியே மலைச்சரிவுகளில் சிதறிய வீடுகள். பல பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருப்பவற்றில் எண்பதைத் தாண்டிய பெண்கள் தனியாக இருக்கிறார்கள்.

2012-இல் இங்கே தொடங்கிய டோக்குஷிமாரு என்ற நடமாடும் கடைகள் இப்போது நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் ஓடுகின்றன. குளிர்பெட்டி பொருத்திய குட்டி லாரி. அதில் 400 வகைப் பொருள்கள், எண்ணிக்கையில் 1200 வரை. வண்டி ஓட்டுபவரே விற்பனையாளர். காலையில் ஓர் உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் வாரத்தில் இரண்டு முறை. ஒவ்வொரு பொருளுக்கும் கடை விலைக்கு மேல் சில யென் கூடுதல். முதலில் 10 யென்னாக இருந்தது, பிறகு கூடியது. வண்டி வீடு தேடி வருவதற்கான கட்டணம் அது. அதை மறைக்காமல் வாங்குபவரிடமே கேட்டுப் பெறுகிறார்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. சரக்கு அந்த ஓட்டுநருடையது அல்ல, சூப்பர் மார்க்கெட்டின் சார்பில் விற்கிறார். விற்காத மீனும் காயும் மாலையில் அந்தக் கடைக்கே திரும்பி, விலை குறைத்து ரேக்கில் ஏறிவிடுகின்றன. கூடுதலாக ஒரு கட்டுக் கீரை ஏற்றலாமா என்ற கேள்விக்கு அவர் தன் பையைத் தடவிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாங்குபவரின் முகத்தை நினைத்துப் பார்த்தால் போதும். கொன்பினிக் கணக்கில் நான் கண்ட இரண்டு பைச் சிக்கலுக்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. கீரை வீணாகும் அபாயத்தை, அதற்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கக்கூடியவரிடமே வைத்திருக்கிறார்கள்.

பாட்டு ஒலிபரப்பிக்கொண்டு வண்டி ஒரு சரிவில் நின்றது. நடுத்தர வயதுப் பெண் ஓட்டுநர். இறங்கி இரண்டு பக்கக் கதவுகளையும் விரித்தார். கைவண்டியைத் தள்ளியபடி மூன்று பாட்டிமார் வந்தார்கள். ஒருவர் ஒவ்வொரு தக்காளியாகத் தொட்டுப் பார்த்தார். ஒருவர் கோழிக்கறியை எடுத்து, யோசித்து, திரும்ப வைத்தார். பேச்சு, சிரிப்பு, முதுகுவலி பற்றிய முறையீடு. மூன்றாமவர் வண்டி முழுக்கத் தேடிவிட்டு ஏதோ கேட்டார். ஓட்டுநர் குனிந்து மன்னிப்புக் கேட்டு, இடுப்புப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"என்னடா கேட்டாங்க?"

"உப்புக் கம்மியான சோயா சாஸ், சின்ன பாட்டில். பெரிய பாட்டில் இருக்கு, ஆனா தூக்கி ஊத்த முடியலையாம்."

வண்டி கிளம்புமுன் என் மருமகன் அந்த நோட்டைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டான். ஓட்டுநர் காட்டினார். தேதிவாரியாக, வீடுவாரியாக வரிசைகள்: எலும்பு எடுத்த கானாங்கெளுத்தி; பூனை உணவில் மீன் வகை, கோழி வேண்டாம்; புத்தர் மாடத்துக்கு வைக்க மஞ்சள் செவ்வந்தி; ஒற்றை முட்டைக்கோஸ் அல்ல, கால் துண்டு. கேட்டு, இல்லை என்று சொல்லப்பட்டவை மட்டுமே அதில் இருந்தன. பிறகு ஏற்றிக்கொண்டு வந்தவற்றின் எதிரே ஒரு கோடு. கொண்டுவந்தும் வாங்காமல் விட்டவற்றின் எதிரே ஒரு புள்ளி. கோடு போடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றவை மூன்றுதான். மூன்றும் அவருடைய சூப்பர் மார்க்கெட்டே வாங்கி வைக்காத பொருள்கள். மாதம் ஒரு முறை அந்தப் பட்டியலை அதன் மேலாளரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"இத எங்க சிஸ்டத்துல எந்தக் கட்டத்துல போடுறது மாமா?" என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டான். அவனிடம் 'விற்றது' என்று ஒரு கட்டம் இருக்கிறது, 'இருப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, 'வீணானது' என்று ஒன்று இருக்கிறது. பேருந்து வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குப் பெயர் வைக்க என்னிடம் யோசனை கேட்டான். 'கேட்டது' என்று வை என்றேன்.